குறட்டை நின்ற பிறகும் மூச்சு நின்றுகொண்டிருந்தது

2023 தைப்பூசத்துக்கு முதல் நாள் இரவு, வழக்கம்போல பினாங்கு தண்ணீர்மலைப் பக்கம் இருக்கும் பெரியம்மா வீட்டில் குடும்பமே தங்கியிருந்தது. வெள்ளி ரதம் பார்த்துவிட்டு, தண்ணீர்ப்பந்தலில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, நள்ளிரவு தாண்டி வந்து ஹாலில் பாய் விரித்துப் படுத்தோம். காலையில் எழுந்தால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே சிரிப்பு. அண்ணன் மகள் என் குறட்டையைப் பதிவு செய்து போட்டிருந்தாள். "அத்தை லோரி ஓட்டுறாங்க" என்று ஒரு வரி வேறு. நானும் சிரித்து வைத்தேன். ஆம்பளை குறட்டை விட்டால் அலுப்பு, பொம்பளை விட்டால் கேலி, நம் வீடுகளில் அப்படித்தானே. அன்று மாலை வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கேட்டேன். சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. நடுவில் ஓர் இடத்தில் எல்லாமே அடங்கிப்போகிறது. காற்றாடி ஓடுவது மட்டும் கேட்கிறது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மறுபடி கேட்டேன்: 23 விநாடி. பிறகு ஆற்றில் முங்கி எழுந்தவள்போல ஒரு பெரிய இழுப்பு. உடம்பு சில்லிட்டுவிட்டது.

அப்போது எனக்கு 49 வயது. வீடு பெருநிலப் பக்கம் பிறையில், வேலை தீவில் உள்ள ஜார்ஜ் டவுனில் ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனியில் கணக்குப் பிரிவு. தினமும் பாலம் தாண்டிப் போய் வருகிறவள். இரண்டு வருடமாகவே காலையில் தலைவலியோடுதான் எழுந்திருப்பேன். இரவில் மூன்று முறை பாத்ரூம் போவேன். மத்தியானம் கணினித் திரையில் எண்கள் நீந்தும். கிளினிக்கில் சர்க்கரை பார்த்தார்கள், தைராய்டு பார்த்தார்கள், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். "மாதவிடாய் நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். தூக்கம் கலைகிறது என்று சொன்னதற்குத் தூக்க மாத்திரையும் கொஞ்ச நாள் கொடுத்தார்கள். அந்த மாதிரி மாத்திரைகளில் சில தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தி மூச்சடைப்பை மோசமாக்கலாம் என்று பிறகுதான் தெரிந்தது. குறட்டை விடுவாயா என்று யாரும் கேட்கவில்லை, நானும் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. ஒரு நாள் மாலை பாலத்தில் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தபோது பின்னால் ஹாரன் அடித்துத்தான் கண் விழித்தேன். எத்தனை விநாடி தூங்கினேன் என்று தெரியாது. அதை இன்றுவரை என் வீட்டுக்காரரிடம் முழுசாகச் சொல்லவில்லை.

அந்தப் பதிவைக் கேட்ட அன்றே மருத்துவரிடம் போயிருக்க வேண்டும். நான் போனது ஆன்லைன் கடைக்கு. "குறட்டைக்கு உடனடித் தீர்வு" என்று 89 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) ஒரு மவுத்பீஸ். வெந்நீரில் போட்டு இளக்கி, வாயில் வைத்துக் கடித்து, நம் பல்லின் அச்சை நாமே எடுத்துக்கொள்ளும் வகை. ரப்பர் வாடை, தடிமன், உதடு மூடாது, தலையணை முழுக்க எச்சில். இரண்டு வாரத்தில் வலது காதுக்கு முன்னால் தாடை "டக் டக்" என்று சத்தம் போட ஆரம்பித்தது. அதை வைத்துவிட்டு நாக்கை உறிஞ்சிப் பிடிக்கும் இன்னொன்றை 45 வெள்ளிக்கு வாங்கினேன். குழந்தை சூப்பியைத் திருப்பி வைத்ததுபோல இருக்கும், நாக்கு நுனியை உள்ளே விட்டு அமுக்க வேண்டும். காலையில் நாக்கு வீங்கி, காப்பி குடித்தால் எரியும். மறுபடியும் முதல் மவுத்பீஸுக்கே போனேன். ஜூலையில் ஒரு நாள் அதைக் கழற்றும்போது கடைவாயில் போட்டிருந்த பல் உறை அதோடு சேர்ந்து வந்துவிட்டது. கீழே பல்லும் உடைந்திருந்ததால் புதிதாகச் செய்ய 1,100 வெள்ளி. 89 வெள்ளியில் முடிக்கப் பார்த்த கதை இது.

அந்த மாதிரிப் பொருள் எல்லாமே ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. தாடையை முன்னால் தள்ளினால் தொண்டை திறக்கும் என்ற அடிப்படை உண்மைதான். தூங்கும்போது தசைகள் தளர்ந்து நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிகிறது. கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னால் பிடித்து வைத்தால் அதோடு நாக்கும் முன்னால் வருகிறது, மூச்சு வழி அகலமாகிறது. ஆனால் உங்கள் தாடை எவ்வளவு தூரம் தாங்கும், பல்லும் ஈறும் அந்த இழுப்பைத் தாங்குமா என்பதை அந்தப் பெட்டிக்குள் வரும் காகிதம் சொல்லாது. அதைவிட முக்கியம், உங்களுக்கு இருப்பது வெறும் குறட்டையா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் அப்னியாவா என்பது பரிசோதனை செய்யாமல் தெரியாது. ஐந்து மாதம் எதற்கு மருந்து என்று தெரியாமலேயே மருந்து சாப்பிட்டவள் நான்.

செப்டம்பரில்தான் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். அரசாங்கக் கிளினிக்கில் அப்போது 1 வெள்ளி, அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு அரசாங்க மருத்துவமனை நிபுணரிடம் போனாலும் செலவு மிகக் குறைவு. அந்த வழியில் எனக்குத் தவணை பல மாதம் தள்ளிக் கிடைத்தது, பாலத்தில் நடந்ததை நினைத்துப் பயந்து தனியாருக்குப் போய்விட்டேன். அந்தத் தவணையை ரத்து செய்யாமல் வைத்திருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. மருத்துவர் எட்டுக் கேள்விகள் கேட்டார்: குறட்டை, பகல் சோர்வு, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா, இரத்த அழுத்தம், எடை, வயது, கழுத்துச் சுற்றளவு, கடைசியாக ஆணா என்பது. ஆண் என்றால் ஒரு மதிப்பெண் கூடும். "எனக்கு அது கிடைக்காதே" என்றேன். சிரித்துவிட்டு, மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இது கூடுகிறது, தலைவலி, தூக்கமின்மை என்று வேறு பெயரில் வந்து நிற்பதால் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது என்றார். அண்ணன் மகளின் பதிவைப் போட்டுக் காட்டினேன். நான் வாயால் சொன்ன எல்லாவற்றையும்விட அதைத்தான் கவனமாகக் கேட்டார். உங்கள் வீட்டில் யாராவது கிண்டலுக்குப் பதிவு செய்தால் அழிக்காதீர்கள்.

வீட்டிலேயே செய்யும் சோதனைக்கு 850 வெள்ளி. விரலில் ஒரு கிளிப், மூக்கில் ஒரு குழாய், நெஞ்சில் ஒரு பட்டை, அவ்வளவுதான். முடிவில் ஓர் எண் வரும், அதை ஏஎச்ஐ என்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் சராசரியாக எத்தனை முறை மூச்சு குறைந்தது 10 விநாடிக்கு நிற்கிறது அல்லது வெகுவாகக் குறைகிறது என்ற கணக்கு. 5-க்குக் கீழே என்றால் கவலையில்லை, 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமை. எனக்கு 22. இரத்தத்தில் ஆக்ஸிஜன் 81 சதவீதம் வரை இறங்கியிருந்தது. அந்தத் தாளை வாங்கிக்கொண்டு காரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பயமும்தான், ஆனால் சோம்பேறி என்று இரண்டு வருடமாக என்னையே திட்டிக்கொண்டிருந்தேனே என்ற ஆற்றாமை அதைவிட அதிகம்.

மருத்துவர் முதலில் சொன்னது சிபேப் இயந்திரம். முகத்தில் ஒரு முகமூடி, அதன் வழியே அழுத்தமாகக் காற்று வந்து தொண்டையைத் திறந்து வைக்கும். 350 வெள்ளிக்கு ஒரு மாத வாடகை. "வேக்குவம் கிளீனர் பக்கத்தில் படுத்த மாதிரி இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர். வேடிக்கை என்னவென்றால், 1980-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் மருத்துவர் காலின் சல்லிவன் முதன்முதலில் இதைச் செய்தபோது வேக்குவம் கிளீனர் மோட்டாரைத்தான் பயன்படுத்தினாராம். இப்போதைய இயந்திரம் அவ்வளவு சத்தம் இல்லை, அவருக்குக் குறை சொல்ல ஏதாவது வேண்டும். நான்தான் 11 நாளில் விட்டுவிட்டேன். முகத்தை மூடினால் எனக்குத் திணறும். வேறு அளவு, மூக்கை மட்டும் மூடும் வகை என்று கேட்டுப் பார்த்திருக்கலாம். கேட்கவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மூச்சு நிற்பதைக் குறைப்பதில் சிபேப்தான் பலசாலி. தாடையை முன்னால் பிடித்து வைக்கும் வாய்க்கருவியின் பலம், மனுஷன் அதை ராத்திரி முழுக்கப் போட்டுக்கொண்டு தூங்குவான் என்பதில் இருக்கிறது. உங்கள் எண் 30-க்கு மேல் என்றால் 11 நாளில் கைவிடாதீர்கள், முகமூடியை மாற்றித் தரச் சொல்லிச் சண்டை போடுங்கள்.

இனி வருவதுதான் எனக்கு அதிகமாகப் பணம் போன இடம். தெரிந்தவர் சொன்ன ஒரு பல் மருத்துவரிடம் போனேன். பெயர் வேண்டாம். குறட்டைக்குக் கருவி செய்கிறோம் என்று பலகை இருந்தது. உட்கார்ந்த இருபது நிமிடத்தில் அச்சு எடுத்து முடித்துவிட்டார்கள். என் சோதனைத் தாளை நீட்டினேன், "வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். எக்ஸ்ரே இல்லை. தாடை மூட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மூன்று வாரம் கழித்து மேலும் கீழும் ஒன்றாக ஒட்டிய ஒரே கட்டி அக்ரிலிக்கைக் கையில் கொடுத்து 3,800 வெள்ளி வாங்கிக்கொண்டார்கள். அதில் திருகும் இல்லை, நகர்த்த வழியும் இல்லை. முதல் நாளே தாடை முடிந்தவரை முன்னால் இழுத்தபடிதான் இருந்தது. காலையில் எழுந்தால் கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடாது. அலுவலகத்துக்குக் கீழே மாமாக் உணவுக்கடையில் ரொட்டி சானாயைக் கடிக்க முடியாமல் குழம்பில் ஊறவைத்து விழுங்கினேன். போன் செய்து கேட்டால் "பழகிவிடும்" என்றார்கள். மறுசந்திப்புக்கு அவர்களும் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், குறட்டை நின்றுவிட்டது. ஹாலில் படுத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையணையைத் தூக்கிக்கொண்டு அறைக்கு வந்துவிட்டார். "செஞ்ச செலவு வீண் போகலை" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. தலைவலி குறைந்த மாதிரி, சோர்வு குறைந்த மாதிரி. அந்த "மாதிரி"யை நம்பி ஏழு மாதம் ஓட்டினேன். 2024 ஜூலையில் இரத்த அழுத்தம் கொஞ்சமும் இறங்கவில்லை என்று மருந்தின் அளவைக் கூட்டினார்கள். அப்போதுதான் பழைய மருத்துவரிடம் திரும்பிப் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "கருவியைப் போட்டுக்கொண்டு சோதனை செய்தீர்களா?" அப்படி ஒன்று உண்டு என்பதே எனக்குத் தெரியாது. இன்னொரு 850 வெள்ளி. வாயில் கருவியோடு எண் 17. சத்தம் போய்விட்டது, மூச்சு மட்டும் மணிக்கு 17 தடவை தடைபட்டுக்கொண்டிருந்தது. மல்லாந்து படுத்த நேரத்தில் அது இன்னும் அதிகம். குறட்டை இருந்தவரை பக்கத்தில் இருந்தவராவது உலுக்கி எழுப்புவார். இப்போது அதற்கும் வழியில்லாமல் நிம்மதியாக இரண்டு பேரும் தூங்கியிருக்கிறோம்.

அந்த மருத்துவரே தூக்கச் சிக்கல்களைப் பார்க்கும் ஒரு பல் மருத்துவரிடம் கடிதம் கொடுத்து அனுப்பினார். பினாங்குத் தீவிலேயே, ஒரு சீன அம்மா. முதல் சந்திப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல். முழு வாய் எக்ஸ்ரே, ஈறு ஆழம் அளந்தது, ஒவ்வொரு பல்லும் ஆடுகிறதா என்று பார்த்தது, காது முன்னால் விரல் வைத்து வாயைத் திறந்து மூடச் சொன்னது. மேலேயும் கீழேயும் போதுமான உறுதியான பற்கள் இல்லாவிட்டால் இந்தக் கருவி பிடித்து நிற்காது, ஈறு நோய் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும் என்றார். எனக்கு இரண்டு இடத்தில் ஈறு சுத்தம் செய்த பிறகுதான் அச்சே எடுத்தார். ஒரு சின்ன அளவுகோலைக் கடிக்கச் சொல்லி, என் தாடை பின்னாலிருந்து முன்னால் அதிகபட்சம் எவ்வளவு போகும் என்று அளந்தார்: 9 மில்லிமீட்டர். அதில் 60 சதவீதத்தில் ஆரம்பிப்போம் என்றார். பழைய கருவி முழு எல்லைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறது. தாடை வலித்ததில் ஆச்சரியம் இல்லை. அவ்வளவு இழுத்தும் ஏன் சரியாகவில்லை என்று கேட்டேன். கூட இழுத்தால் கூடப் பலன் என்று கணக்கு இல்லை, ஒவ்வொருவர் தொண்டைக்கும் ஓர் இடம் இருக்கிறது, அதை மெதுவாகத் தேடித்தான் பிடிக்க வேண்டும், அதோடு அந்தக் கட்டி தூக்கத்தில் வாயைத் திறக்கவிட்டுத் தாடையைக் கீழே இறக்கியிருக்கலாம் என்றார்.

புதுக் கருவி 5,500 வெள்ளி. மேல் தட்டு தனி, கீழ்த் தட்டு தனி, பக்கவாட்டில் திருகு. வாரத்துக்கு அரை மில்லிமீட்டர் வீதம் நானே வீட்டில் சாவி போட்டுத் திருகினேன். வலித்தால் ஒரு வாரம் நிறுத்தி வைக்கச் சொன்னார். 60 சதவீதத்திலிருந்து ஏறி, நான்காவது திருகலில் காலைத் தலைவலி இல்லை. அதற்கு மேல் ஒன்று திருகியபோது தாடை முணுமுணுத்தது, ஒரு படி பின்னால் வந்தோம். காலையில் கருவியைக் கழற்றியதும் கடியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர ஒரு சின்னத் துண்டு கொடுத்தார். பதினைந்து நிமிடம் அதைக் கடித்துக்கொண்டுதான் சாமி விளக்கு ஏற்றுகிறேன். வருடக்கணக்கில் போட்டால் முன்பற்கள் கொஞ்சம் நகரத்தான் செய்யும் என்று அவரே முன்கூட்டிச் சொல்லி, என் பற்களைப் படம் எடுத்து வைத்திருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கிறோம். 2015-இல் அமெரிக்கத் தூக்க மருத்துவர்களும் தூக்கப் பல் மருத்துவர்களும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியை எடுத்துக் காட்டினார். தகுதியுள்ள பல் மருத்துவர், ஆளுக்கென்று செய்து நகர்த்தக்கூடிய கருவி, பிறகு கருவியோடு மறுசோதனை, தொடர் சந்திப்பு. நான் தட்டுத்தடுமாறிக் கற்றது எல்லாம் அதில் ஏற்கெனவே இருக்கிறது.

2025 ஜனவரியில் மூன்றாவது சோதனை, இன்னொரு 850. எண் 6. ஆக்ஸிஜன் 90-க்குக் கீழே போகவே இல்லை. முதுகுக்குப் பின்னால் பெரிய தலையணை வைத்து ஒருக்களித்துப் படுப்பதையும் சேர்த்துத்தான் இந்த 6. இரத்த அழுத்த மருந்தைப் பழைய அளவுக்குக் குறைத்துவிட்டார்கள்.

கணக்கு எழுதுகிறவள் என்பதால் எழுதி வைத்திருக்கிறேன். மவுத்பீஸ் இரண்டும் 134, பல் உறை 1,100, சிபேப் வாடகை 350, மூன்று சோதனை 2,550, கருவிகள் இரண்டும் 9,300. மொத்தம் 13,434 வெள்ளி. இதில் முறைப்படி போயிருந்தால் மவுத்பீஸ், பல் உறை, முதல் கருவி, அதற்குச் செய்த சோதனை ஆகிய 5,884 வெள்ளி மிஞ்சியிருக்கும். என் மருத்துவக் காப்பீடு, அதாவது மெடிக்கல் கார்டு, "இது பல் சம்பந்தப்பட்டது" என்று ஒரு காசு தரவில்லை. பல் காப்பீட்டில் கேட்டால் "இது தூக்கம் சம்பந்தப்பட்டது" என்றிருப்பார்களோ என்னவோ. காசு கட்டும் முன் சில விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: கருவியை நகர்த்த முடியுமா, எத்தனை மறுசந்திப்பு அந்த விலைக்குள் அடங்கும், உடைந்தாலோ பொருந்தாவிட்டாலோ என்ன செய்வார்கள். சோதனைத் தாளைப் பார்க்காமலே அச்சு எடுக்க வருகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஆன்லைனில் "வீட்டுக்கே வந்து அச்சு எடுக்கிறோம்" என்று வருகிறவர்களைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

சின்னச் சின்னதாக இன்னும் இருக்கின்றன. முதல் பத்து நாள் எச்சில் வழியும், தலையணை மேல் பழைய துண்டு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், பிறகு தானாகக் குறையும். கருவியை வெந்நீரில் கழுவக்கூடாது, பச்சைத் தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும். நம் ஊர் வெயிலில் காருக்குள் மறந்து வைத்தால் வளைந்துவிடும். கழுவாமல் மேசையில் வைத்தால் எறும்பு வரும், இது அனுபவம். உடம்பு எடை கூடினால் எண்ணும் கூடும், அப்போது பழைய அளவு பற்றாது. எவ்வளவு நன்றாக இருந்தாலும் காதுக்கு முன்னால் வலி ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் "பழகிவிடும்" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

2025 தைப்பூசத்துக்கும் பெரியம்மா வீட்டு ஹாலில்தான் படுத்தோம். எல்லார் முன்னாலும் பெட்டியைத் திறந்து கருவியை மாட்டினேன். பசங்களுக்கு அது "அத்தையோட பல்செட்டு". காலையில் அண்ணன் மகள் மறுபடியும் ஒரு பதிவு போட்டிருந்தாள். அலறி அடித்துக்கொண்டு கேட்டேன். குறட்டை பலமாகத்தான் இருந்தது, நடுவில் அதே அமைதியும் இருந்தது, ஆனால் ஆள் நான் இல்லை. அவள் அப்பா, என் அண்ணன். எண்ணினேன், 31 விநாடி. உடனே அவருக்குத் தனியாக என் மருத்துவரின் எண்ணை அனுப்பி, முதலில் சோதனை செய்ங்கண்ணே, வேறு எதுவும் செய்யாதீங்க என்று எழுதினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: "டாக்டர்லாம் எதுக்கும்மா, ஆன்லைன்ல 89 வெள்ளிக்கு ஒன்னு இருந்துச்சு, ஆர்டர் போட்டுட்டேன்."